கையேட்டின் அடியில் ஒரு குறிப்பு

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பிஎச்பி என்னும் நிரல்மொழியைக் கேட்டால் மூன்று விதமாக விடை வரும். 'ஸ்டர்லென்' என்ற செயற்கூறு 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். 'எம்பி_ஸ்டர்லென்' 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு தனித்தனியாக வைத்திருக்கும் ஐந்தையும் அது எண்ணிவிடுகிறது. 'கிராஃபீம்_ஸ்டர்லென்' என்று இன்னொன்று உண்டு. அது மட்டுமே பள்ளிப் பிள்ளையோடு ஒத்துப்போகும். ஆனால் அது ஒரு நீட்சிக்குள் இருக்கிறது. எல்லா வழங்கிகளிலும் அந்த நீட்சி இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டர்லென் பற்றிய அதிகாரபூர்வக் கையேட்டுப் பக்கத்தில், இது பைட்டுகளைத்தான் எண்ணும், எழுத்துகளை எண்ணாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. தவறு சொல்ல முடியாத வாக்கியம். ஒரு தமிழ் இணைய இதழின் முகப்பில் கட்டுரைச் சுருக்கங்களைக் குறிப்பிட்ட நீளத்தோடு நிறுத்த முயன்றேன். ஒவ்வொரு சுருக்கத்தின் முடிவிலும் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்து நின்றது. அப்போது கையேட்டின் அந்த வாக்கியம் எனக்கு வழிகாட்டவில்லை. வழிகாட்டியவை அதே பக்கத்தின் அடியில் முன்பின் தெரியாத பயனர்கள் எழுதிவைத்திருந்த குறிப்புகள். நான் பட்ட பாட்டை எனக்கு முன்பே யாரோ பட்டு, தேறி, பின்னால் வருபவருக்காக நான்கு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நன்றி இன்னும் எனக்கு உண்டு.

அந்தக் காலத்தில் இதுபோன்ற குறிப்புகளில் நெடுநாள் உலவிய ஓர் உத்தி: சொல்லை முதலில் 'யுடிஎஃப்8_டிகோட்' வழியாகச் செலுத்து, பிறகு ஸ்டர்லென்னிடம் கொடு, பைட்டுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணிக்கை கிடைக்கும். கிடைத்தது. ஏன் கிடைக்கிறது என்பது பல காலம் கழித்துத்தான் புரிந்தது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளைத் தவிர வேறெதையும் அறியாத அந்தச் செயற்கூறு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிடுகிறது. நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது கேள்விக்குறிகளை. 2022 டிசம்பரில் வந்த பிஎச்பி 8.2 பதிப்பு அந்தச் செயற்கூறை விலக்கவேண்டியவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது. குறிப்பை நகலெடுத்த நிரல்கள் எத்தனை இணையதளங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ.

மென்பொருள் கையேட்டில் பயனர் குறிப்புக்கு இடம் கொடுக்கலாமா, விக்கியைப் போல யாரும் திருத்தலாம் என்று திறந்துவிடலாமா என்ற நெடுங்கால விவாதத்தின் இரண்டு பக்கமும் இந்த ஒரு பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. சரியாக எழுதிய கையேட்டால் வாசகருக்கு வேலை முடியவில்லை. வேலையை முடித்துக்கொடுத்த குறிப்போ சில ஆண்டுகளில் காலாவதியாகி, காலாவதியானது என்ற அடையாளம்கூட இல்லாமல் அதே இடத்தில் நிற்கிறது.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கியது. அதன் பக்கங்களில் இருந்த இரண்டு சிறு தலைப்புகளை இந்த விவாதத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். ஒன்று 'பிழைகள்'. இந்தக் கட்டளையில் எங்களுக்குத் தெரிந்த கோளாறு இது என்று எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம். மற்றது 'உரிமையாளர்'. இதற்குப் பொறுப்பு யார் என்று ஒரு சுருக்கப் பெயர் அங்கே இருக்கும். படிப்பவரும் எழுதியவரும் பெரும்பாலும் ஒரே ஆய்வகத்தில் இருந்த காலம். குறை இருந்தால் நேரே அந்த மேசைக்கு நடந்துபோய்ச் சொல்லிவிடலாம். பிழைகள் என்ற தலைப்பு இன்றுவரை யூனிக்ஸ், லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் தொடர்கிறது. உரிமையாளர் என்ற வரி பின்வந்த பதிப்புகளில் மறைந்துவிட்டது. அந்த மேசை இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் இணையக் காலத்தில் எழுந்த கேள்வி.

இரண்டு விடைகள் ஒரே ஆண்டில் பிறந்தன என்று சொல்லலாம். 1995 மார்ச்சில் வார்டு கன்னிங்ஹாம் தம் முதல் விக்கியைத் திறந்தார். நிரல் எழுதுவோர் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைப் பார்த்து வைத்தார். ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள். ஆக, பின்னாளில் கலைக்களஞ்சியத்தோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் பிறந்தது மென்பொருள்காரர்களின் வீட்டில்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் பிஎச்பி கருவிகளை வெளியிட்டார். அந்த மொழியின் கையேடு இணையத்தில் ஏறியபோது ஒவ்வொரு செயற்கூறின் பக்கத்துக்கும் கீழே பயனர் குறிப்புகளுக்கு இடம் விட்டார்கள்.

பிஎச்பி உலகம் முழுவதும் பரவியதில் அந்தக் குறிப்புகளுக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். கணினி அறிவியல் படிக்காமல் இந்த மொழிக்குள் வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கையேட்டின் மேல்பகுதி சட்டப் புத்தகம் மாதிரி, அடிப்பகுதி அதை ஏற்கெனவே ஒருமுறை கடந்துவந்த அண்ணன் மாதிரி. குறிப்புகளைத் தன்னார்வலர்கள் பார்வையிட்டுக் களைகிறார்கள். கேள்வி கேட்காதீர்கள், பிழை முறையீடு இங்கே வேண்டாம் என்ற விதிகள் உண்டு. பிற்பாடு வாக்களிக்கும் வசதியும் வந்தது. நல்ல குறிப்பு மேலேறும், மோசமானது கீழிறங்கும் என்ற எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பில்தான் பிசகு. வாக்கு, கடந்துபோன நன்றியின் கணக்கு. ஒரு குறிப்பு எழுதப்பட்ட ஆண்டில் சரியாக இருந்து நூறு பேருக்கு உதவியிருந்தால் நூறு வாக்கு வாங்கியிருக்கும். பத்தாண்டு கழித்து அது தவறாகிவிட்டால், வாக்களித்த நூறு பேரும் திரும்பி வந்து வாக்கைப் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்கள். கடவுச்சொல்லை எம்டி5 என்ற முறையில் சுருக்கிச் சேமித்தால் போதும் என்பது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். 2013 ஜூனில் வந்த பிஎச்பி 5.5 பதிப்பு 'பாஸ்வேர்டு_ஹாஷ்' என்ற செயற்கூறைத் தந்து அந்த வழக்கத்துக்கு முடிவுகட்டப் பார்த்தது. அதே பதிப்பு பழைய மைஎஸ்கியூஎல் நீட்சியை விலக்கத் தொடங்கியது. 2015 டிசம்பரில் பிஎச்பி 7.0 அதை அடியோடு நீக்கியது. மொழியை மாற்றுகிறவர்கள் தாங்கள் எழுதிய பக்கங்களை மாற்றிவிடலாம். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளை வரிவரியாகப் படித்து, இதில் எது இன்றும் செல்லும் என்று பார்க்க எத்தனை தன்னார்வலர்கள் வேண்டும்?

இந்தக் கவலை வெறும் ஊகம் இல்லை. 2016இல் யாசமின் அஜாரும் உடன் ஆய்வாளர்களும் ஆண்ட்ராய்டு நிரலர்கள் 54 பேரை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். பாதுகாப்போடும் தனியுரிமையோடும் தொடர்புடைய நிரல் வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதிகாரபூர்வ ஆவணங்களை மட்டும் பார்க்கலாம். ஒரு பிரிவினர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் கேள்வி-பதில் தளத்தை மட்டும். இன்னொரு பிரிவினர் புத்தகங்களை மட்டும். நான்காம் பிரிவினர் விருப்பப்படி எதையும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பார்த்தவர்களின் நிரல், ஆவணத்தையும் புத்தகத்தையும் பார்த்தவர்களின் நிரலைவிடப் பாதுகாப்பில் தெளிவாகப் பின்தங்கியது. சக நிரலர்களின் பேச்சைக் கேட்டால் ஆபத்து என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் மறு பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதிகாரபூர்வ ஆவணத்தை மட்டும் பார்த்தவர்கள் ஓடக்கூடிய நிரலை எழுதி முடிப்பதில் பின்தங்கினார்கள். அவர்கள் எழுதியது பாதுகாப்பானது, ஆனால் பலருக்கு வேலை முடியவில்லை.

அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டது கேள்வி-பதில் தளத்தை. கையேட்டின் அடியில் வரும் குறிப்பை அல்ல. இருந்தாலும் இரண்டும் ஒரே மண்ணில் முளைப்பவை. கையேடு விட்ட இடைவெளியில் பயனர் பேச்சு முளைக்கிறது. இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சைத் தடைசெய்தால், பேச்சு இன்னும் கவனிப்பாரற்ற இடத்துக்கு நகருமே தவிர நிற்காது.

நகலெடுக்கும் பழக்கத்தின் அளவையும் பார்த்துவிடலாம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஃபெலிக்ஸ் ஃபிஷரும் குழுவினரும் 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை அலசினார்கள். 15.4 விழுக்காட்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த, பாதுகாப்பு சார்ந்த நிரல் துண்டுகள் இருந்தன. அவற்றில் 97.9 விழுக்காட்டுச் செயலிகளில் குறைந்தது ஒரு துண்டாவது பாதுகாப்பற்றது. அதே ஆண்டின் இன்னோர் ஆய்வு, இணையத்தில் பிரபலமான பிஎச்பி பாடங்களில் இருந்த ஓட்டையான நிரலைப் பிடித்துக்கொண்டு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த 64,415 திட்டங்களுக்குள் அதன் சாயலைத் தேடியது. 117 ஓட்டைகள் அகப்பட்டன. ஒரு பக்கத்தில் எழுதிவிட்ட தவறு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. நகல் எடுக்கப்பட்ட துண்டில் தேதி இருக்காது, எழுதியவர் பெயர் இருக்காது, கீழே யாராவது மறுத்து எழுதியிருந்தால் அந்த மறுப்பும் கூட வராது.

குறிப்பும் விக்கியும் ஒன்றுபோலப் பேசப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும். நம்முடைய பழைய நூல்களில் மூலம் வேறு, உரை வேறு. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது தமக்கு முந்தைய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். படிப்பவருக்கு எது சூத்திரம், எது ஒருவர் கருத்து, எது அதற்கு மறுப்பு என்பதில் ஐயமே வராது. கையேட்டின் அடியில் வரும் குறிப்பு அந்த வகை. விக்கி அப்படி இல்லை. அதில் வந்தவர் கை மூலத்துக்குள்ளேயே நுழைகிறது. நல்ல கையாக இருந்தால் மூலம் செழிக்கும். இல்லையென்றால் அது இடைச்செருகல். எந்த வரி எப்போது நுழைந்தது என்று பார்க்கத் திருத்த வரலாற்றைப் புரட்டவேண்டும். வரலாறு பாதுகாப்பாகத்தான் இருக்கும். நள்ளிரவில் வழங்கி விழுந்து கிடக்கும்போது கையேட்டைத் திறக்கிறவர் அதைப் புரட்டமாட்டார்.

இவ்வளவு சொன்னபிறகும், விக்கி வென்ற ஓர் இடத்தைப் பார்க்காமல் போனால் நியாயம் ஆகாது. ஆர்ச் லினக்ஸின் விக்கி, அந்த இயங்குதளத்தை ஒருநாளும் நிறுவாதவர்களும் தேடிப்போய்ப் படிக்கும் ஆவணம். டெபியனோ உபுண்டுவோ பயன்படுத்துகிறவர், ஒலி அட்டை மக்கர் செய்தாலும் மடிக்கணினி உறங்கி எழாமல் போனாலும் அங்கேதான் போய் நிற்பார். நானும் அப்படிப் போனவன்தான். அது ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு, நல்ல மனிதர்கள் எழுதுகிறார்கள் என்பதைத் தாண்டிய காரணங்கள் இருக்கின்றன. ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பு என்பதே கிடையாது. மென்பொருள்கள் வரவர அப்படியே புதுப்பித்துக்கொண்டே போகும் ஏற்பாடு. ஆகவே ஆவணத்துக்கும் இன்று என்ற ஒரே காலம்தான். பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு வேறு விளக்கம், புதியவருக்கு வேறு விளக்கம் என்ற சிக்கலே எழாது. ஒரு வரி காலாவதியானால், கணினியைப் புதுப்பித்த எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் காலாவதியாகிறது. அவர்களில் ஒருவர் திருத்திவிடுகிறார். மேலும், அந்த இயங்குதளத்தை நிறுவுவதற்கே பெரும்பாலும் விக்கியைப் படித்தாகவேண்டும் என்பதால், படிப்பவர் கூட்டமும் திருத்துபவர் கூட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஐயமுள்ள பகுதியின் தலைமேல் 'இது பழையது', 'இதன் துல்லியம் ஐயத்துக்குரியது' என்று பட்டை ஒட்டும் பழக்கத்தையும் அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். 1971இன் 'பிழைகள்' தலைப்பின் வாரிசு அந்தப் பட்டை.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் நிலைமை இதற்கு நேர் எதிர். அங்கே ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். ஒவ்வொன்றையும் ஐந்தாண்டு பேணுவார்கள். பெரும்பாலான நாள்களில் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும், ஐந்துக்கும் தனித்தனிக் கையேடு. இதை விக்கியாக்கினால் ஒரு திருத்தத்தை ஐந்து இடத்தில் யோசித்துச் செய்யவேண்டும். வருவோர் போவோரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அந்தக் கையேட்டுப் பக்கங்களின் அடியிலும் ஒரு காலத்தில் பயனர் கருத்துகள் இருந்தன. பின்னர் எடுத்துவிட்டார்கள். இன்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இங்கே எழுதியிருப்பது தவறாகவோ உங்கள் அனுபவத்துக்கு மாறாகவோ இருந்தால் தெரிவியுங்கள் என்று ஒரு படிவம் இருக்கிறது. கையேட்டை இப்படி மூடிய அதே சமூகம், பக்கத்திலேயே ஒரு விக்கியைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் 'இதைச் செய்யாதீர்கள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் உண்டு. அனுபவசாலிகள் புதியவர்களிடம் திரும்பத்திரும்பக் காணும் தவறுகளைத் திரட்டி, ஏன் கூடாது, எப்போது பரவாயில்லை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கியிருப்பார்கள். கையேட்டின் நடையில் இதை எழுத முடியாது. கையேடு எது நடக்கும் என்று சொல்லும், எதைச் செய்யவேண்டாம் என்று கண்டிக்காது. மூலம் ஒரு வீட்டில், அனுபவம் அடுத்த வீட்டில். நான் பார்த்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

அடுத்த வீட்டைத் திட்டமே கட்டிப் பேணவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஜென்டூ லினக்ஸுக்கு ஆர்வலர்கள் தனியே நடத்திவந்த விக்கி ஒன்று இருந்தது. 2008 அக்டோபரில் வழங்கியோடு அதன் தரவும் போயிற்று. நல்ல காப்புநகல் இல்லை. தேடுபொறிகளின் சேமிப்பில் எஞ்சியிருந்த பிரதிகளிலிருந்து பக்கம் பக்கமாக மீட்டார்கள்.

இந்த விவாதத்தில் அதிகம் யோசிக்கவேண்டிய வரலாறு மொசில்லாவின் எம்டிஎன் என்னும் இணைய நிரலாக்க ஆவணத் தளத்தினுடையது. இணைய நிரலாளர் யாரும் வாரத்துக்கு ஒருமுறையாவது தொடாமல் இருக்கமாட்டார்கள். நெட்ஸ்கேப் காலத்து ஆவணங்களை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு 2005இல் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே விக்கி. அடியில் இருந்த மென்பொருள் இரண்டு முறை மாறியது, 2012இல் தாங்களே எழுதிய ஒன்றுக்கு வந்தார்கள். யாரும் திருத்தலாம் என்ற கொள்கை மட்டும் பதினைந்து ஆண்டு மாறவில்லை. 2017இல் மைக்ரோசாஃப்டும் கூகுளும் சாம்சங்கும் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியும் அதன் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தன. போட்டி உலாவி நிறுவனங்கள் ஒரு பொது விக்கியை நம்பி வந்தது சாதாரண விஷயம் இல்லை. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியபோது எம்டிஎன்னின் எழுத்தாளர்களும் அதில் இருந்தார்கள். டிசம்பரில் விக்கியை மூடினார்கள். பக்கங்கள் அனைத்தும் கோப்புகளாகி கிட்ஹப்பில் ஏறின. திருத்த விரும்புகிறவர் திருத்தத்தை முன்மொழியவேண்டும். ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டபின் அது வெளியாகும். அதாவது, வெளியானபின் சரிபார்ப்பது என்ற விக்கி முறையிலிருந்து சரிபார்த்தபின் வெளியிடுவது என்ற பழைய முறைக்கு.

இந்த மாற்றத்தால் பக்கங்களின் தரம் கூடியது என்பதே என் கணிப்பு. ஓபன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு 2021 ஜனவரியில் உருவாகி, எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்தது. அதைவிட முக்கியமாக, திருத்தம் அனுப்பியவருக்குப் பதில் வருகிறது. இந்தச் சொல் வேண்டாம், இதற்கு ஆதாரம் என்ன என்று ஒரு மனிதர் கேட்கிறார். விக்கியில் திருத்தியவருக்கு அந்த உரையாடல் கிடைக்காது. அவர் எழுதியது நிற்கும் அல்லது மறையும்.

இழப்பும் உண்டு, அது நம்மைப் போன்றவர்கள் பக்கம் விழுந்தது. மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் 2020இல் உறைநிலையில் வைத்தார்கள். பேண ஆள் முன்வந்த பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம், கொரியன், ருஷ்யன், ஸ்பானியம், பிரேசில் போர்த்துகீசியம் முதலியவை மறுபடி திறந்தன. மற்ற மொழிகளின் பக்கங்கள் 2021இல் தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. மீண்டு வந்த வரிசையில் தமிழ் இல்லை. கைவிடப்பட்ட மொழிபெயர்ப்பு படிப்பவரைத் தவறாக வழிநடத்தும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, மறுக்கவும் இல்லை. ஆனாலும் விக்கி இருந்த காலத்தில் ஒரு கல்லூரி மாணவி உலாவியைத் திறந்து ஒரே ஒரு பத்தியைத் தமிழாக்கிவிட்டுப் போக முடியும். இப்போது அவர் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியைக் கற்கவேண்டும், கிளை பிரிக்கவேண்டும், ஆங்கிலத்தில் தன் திருத்தத்துக்கு வாதாடவேண்டும். அதற்கும் முன்பாக அந்த மொழிக்குப் பொறுப்பேற்க ஒரு குழு இருக்கவேண்டும். பொறுப்புள்ள கையேடு என்ற நல்ல கொள்கைக்குச் சிறிய மொழிகள் கொடுக்கும் விலை இது.

கருத்தும் விக்கியும் வாக்கும் எல்லாம் சேர்ந்த ஒரு பரீட்சையும் நடந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில் எல்லா மென்பொருளுக்குமான ஆவணப் பகுதி ஒன்றைத் தொடங்கியது. கேள்வி-பதிலில் வென்ற புள்ளி முறை ஆவணத்திலும் வெல்லும் என்று நினைத்தார்கள். 2017 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். கேள்விக்குப் பதில் எழுதுகிறவருக்கு எதிரே ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்கு என்ன தெரியாது என்பது கேள்வியிலேயே இருக்கிறது. ஆவணத்தில் அந்த மனிதர் இல்லை. யாருக்காக, எந்த வரிசையில், எதை விட்டுவிட்டு எழுதுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்யவேண்டும். புள்ளிகளால் அந்த முடிவைச் செய்ய முடியாது.

கையேட்டுக்குள் இருக்கும் நிரல் எடுத்துக்காட்டுக்கு இன்னொரு பலம் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2001இல் வந்த பைத்தான் 2.1 பதிப்பில் டிம் பீட்டர்ஸ் எழுதிய 'டாக்டெஸ்ட்' சேர்ந்தது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டை அது ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடையே வருகிறதா என்று சொல்லிவிடும். ரஸ்ட் மொழியில் இது இயல்பான பழக்கமாகவே ஆகிவிட்டது; சோதனைகளை ஓட்டும்போது ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளும் சேர்ந்து ஓடும். மொழி மாறி எடுத்துக்காட்டு பொய்த்தால் அன்றே தெரிந்துவிடும். அடியில் தொங்கும் பயனர் குறிப்பை இந்த வலை பிடிக்காது. அது வலைக்கு வெளியே எழுதப்பட்டது.

அப்படியானால் வாசகர் வாயை மூடிவிடலாமா? கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட் என்பது கணினிக்காரர்களுக்குப் பிடித்த எண். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அங்கே வாசகரின் குரல் பக்கத்தின் அடியில் தொங்கவில்லை, பக்கத்தையே மாற்றியது. மாற்றியவருக்கு மரியாதையும் கிடைத்தது. படிவத்தில் எழுதி அனுப்பச் சொல்லும் திட்டங்களில் பலவற்றுக்கு இந்த இரண்டாம் பாதி வாய்ப்பதில்லை. அனுப்பியது என்ன ஆயிற்று என்று தெரியாத வாசகர் இரண்டாம் முறை அனுப்பமாட்டார்.

ஆகவே எனக்கு வேண்டியது குறிப்பு. ஆனால் ஆயுள் குறித்த குறிப்பு. எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்பது அதன் நெற்றியிலேயே இருக்கவேண்டும். கணக்குத் தொடங்காமல், கிட் தெரியாமல், தமிழிலேயேகூட எழுத முடியவேண்டும். எழுதியது பொறுப்பாளர் பார்த்தவுடன் எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும். ஏனென்றால் இன்றிரவு அதே குழியில் விழப்போகிறவருக்கு அடுத்த பதிப்புவரை காத்திருக்க நேரமில்லை. வெறும் படிவத்தின் குறை அதுதான். அடுத்த பதிப்பு வரும்போது அந்தக் குறிப்பு ஒன்று மூலத்துக்குள் போகவேண்டும், எழுதியவர் பெயரோடு. அல்லது காரணம் சொல்லி நீக்கப்படவேண்டும். அடியிலேயே பத்தாண்டு தங்கும் உரிமை எந்தக் குறிப்புக்கும் வேண்டாம்.

இதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாததால்தான் குறிப்புப் பெட்டியைத் திறந்துவிட்டு, பயனர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பல திட்டங்கள் நகர்ந்துவிடுகின்றன. கிட்ஹப் 2017இல் நடத்திய திறந்த மூலக் கருத்துக்கணிப்பில், முழுமையற்ற அல்லது பழசான ஆவணம் ஒரு பரவலான சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்போரில் 60 விழுக்காட்டினர் ஆவணத்துக்கு அரிதாகவே எழுதுகிறோம், அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள். குறிப்புப் பெட்டி இந்த வேலையைக் குறைப்பதாகத் தோன்றும். குறைப்பதில்லை, பதிப்புக்குப் பதிப்பு தள்ளிவைக்கிறது, வட்டியோடு. பொறுப்பாளர் ஒருவரையாவது அமர்த்த முடியாத திட்டம், தன் கையேட்டின் அடியில் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே வாசகருக்குச் செய்யும் உதவி. 'எங்களுக்குத் தெரிந்த பிழைகள் இவை' என்று ஒரு பத்தியை எழுதி, தொடர்புக்கு ஒரு பெயரைப் போட்டுவிட்டால்கூட 1971இன் தரத்தை எட்டிவிடலாம்.

பிஎச்பி கையேட்டின் மூலக் கோப்புகளும் 2021 முதல் கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. ஸ்டர்லென் பக்கத்துக்கு நான் கேட்பது ஒரு சிறு எடுத்துக்காட்டு: 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, 15, 5, 3 என்ற மூன்று விடைகளையும் எந்தச் செயற்கூறு எதைத் தருகிறது என்ற விளக்கத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் மூன்று வரி. இந்திக்காரருக்கும் தாய்லாந்துக்காரருக்கும் அது உதவும். அடியில் இருக்கும் குறிப்புகளில் பாதியை அதன்பின் எடுத்துவிடலாம். அந்த வரிகளை எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கில விளக்கத்தைச் சரிபார்த்து இந்த வாரம் அனுப்பப்போகிறேன்.